கணக்கில் பிஎச்.டி: கரிசல் காட்டு நோட்டுகளை யார் படிப்பது?

நம்ம நேயர்களில் எம்.காம் முடித்துவிட்டு "அடுத்து என்ன" என்று நிற்கிறவர்கள் நிறையப் பேர். "அக்கவுண்டிங்கில் பிஎச்.டி பண்ணப்போறேன்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்க. "கணக்குல ஆராய்ச்சி பண்ண என்னப்பா இருக்கு? வரவு, செலவு, மிச்சம். அவ்வளவுதானே?" என்பார்கள். சிஏ என்றால் அவர்களுக்குப் புரியும். பேங்க் எக்ஸாம் என்றாலும் புரியும். கணக்கில் டாக்டர் பட்டம் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இது நியாயமான கேள்விதான். அதற்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கு. அந்தப் பதிலைத் தேடி நாம லண்டனுக்கோ மும்பைக்கோ போக வேண்டாம். விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா, எம்.ரெட்டியபட்டி பக்கம் போகலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி, இந்த மூன்று ஊர்களையும் மேப்பில் பார்த்தால் அந்தக் காட்டின் ஒரு உருவம் கிடைக்கும். ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று திருச்சுழியைத் தெரிந்திருக்கும். அருப்புக்கோட்டையைத் தறிக்கும் மல்லிகைக்கும் தெரிந்திருக்கும். மற்றபடி அது மழையை நம்பின பூமி. கரிசல், கண்மாய், சீமைக்கருவேலம். பருத்தி, மிளகாய், மல்லி, கம்பு, சோளம். குண்டாறு என்று ஒரு ஆறு உண்டு; தண்ணீர் ஓடுவதைப் பார்க்க அதிர்ஷ்டம் வேணும்.

மானாவாரி விவசாயத்தில் பணம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். வயிறு தினமும் கேட்கும். இடைப்பட்ட மாசங்கள் எல்லாம் கடனில்தான் ஓடணும். விதைக்குக் கடன், மளிகைக்குப் பற்று, கல்யாணத்துக்கு வட்டி. மிளகாய் மூட்டை கமிஷன் மண்டிக்குப் போனதும் முன்பணம், தரகு, எடைக்கூலி எல்லாம் கழித்து ஒரு சீட்டு கையில் வரும். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கு என்பதுதான் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷம். ஆகவே, நோட்டு யார் கையில் இருக்கோ அவர் கையில் அதிகாரம் இருக்கு. வறண்ட பூமியில் கணக்கு என்பது பள்ளிக்கூடப் பாடம் இல்லை, பிழைப்பு.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். கிராமத்தில் யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், எவ்வளவு தீர்வை என்று எழுதி வைத்தவர் கர்ணம், அதாவது கணக்குப்பிள்ளை. இன்றைக்கு நாம ஆன்லைனில் டவுன்லோடு பண்ணுகிற சிட்டா, அடங்கல் எல்லாம் அவர் கையிலிருந்து வந்த சொற்கள்தான். பல குடும்பங்களில் அந்த வேலை தலைமுறை தலைமுறையாக வந்தது. ஊரில் அவருக்குப் பயப்படாதவர்கள் கம்மி. ஒரு கோடு மாறினால் நிலம் மாறும், இல்லையா? 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் அந்தப் பகுதிநேர கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் அரசு செய்தது சரி என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் நமக்குத் தெரிந்த விஏஓ. இந்த மாற்றத்தை அரசியலாகப் பேசியிருக்கிறோம். கணக்கு எழுதுகிற முறையில் அது என்ன செய்தது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அந்த மாதிரிக் கேள்விதான் பிஎச்.டிக்கான கேள்வி.

இதைவிட எனக்குச் சுவாரசியமான கதை மகிமை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடார் வியாபாரிகள் தெற்கிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு இந்த வடக்குக் காட்டுக்கு வந்தார்கள். கருப்பட்டி, உப்பு, கருவாடு, பிறகு பருத்தி. வழியில் கொள்ளை பயம். அதனால் சரக்கையும் மாட்டையும் பத்திரமாக நிறுத்த ஆங்காங்கே பேட்டைகள் அமைத்தார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்கள் அவர்களுக்கு முக்கியமான மையங்களாக வளர்ந்தன. இதில் பாலையம்பட்டி அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கு. ஒவ்வொரு ஊரிலும் உறவின்முறை என்ற அமைப்பு. விற்கிற, வாங்குகிற சரக்கின் மேல் ஒரு சின்னத் தொகை பொதுநிதிக்குப் போகும். அதற்குப் பெயர் மகிமை. பேச்சில் மகமை என்றும் சொல்வார்கள்.

மூட்டைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணுவது பெரிய விஷயம் இல்லை. வசூல் பண்ணின பணத்தை ஒருத்தர் அமுக்காமல் பார்ப்பதுதான் பெரிய விஷயம். அதற்கு அவர்கள் கண்ட வழி ரொம்ப எளிமையானது: முறைகாரர் பொறுப்பு ஒரே ஆளிடம் நிற்காது, முறைவைத்து மாறும், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கணக்கு சொல்லணும். அடுத்த முறை பொறுப்புக்கு வருகிறவர் போன முறைகாரரின் கணக்கைப் பார்ப்பார். இன்றைக்கு ஆடிட்டர் சுழற்சி என்று கம்பெனிச் சட்டத்தில் பெரிதாகப் பேசுகிறோம் இல்லையா, அதே உள்ளுணர்வுதான். வெளியாள் ஆடிட்டர் கிடையாது, சட்டம் கிடையாது. உறவும் வெட்கமும்தான் தணிக்கை.

அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகரில் க்ஷத்ரிய வித்யாசாலை 1889இல் வந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து அந்தப் பள்ளியை நடத்திய கதையும் உண்டு. காமராசர் படித்தது அங்கேதான். ஒரு பிடி அரிசிக்கும் கணக்கு எழுதணும் என்பதை யோசிச்சுப் பாருங்க. ரூபாயில் வராத வரவு அது. அதை எந்தப் பத்தியில் எழுதுவீங்க? கணக்கியலில் இப்பவும் மண்டையை உடைக்கிற கேள்விகளில் ஒன்று இது.

பொதுநிதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி தரப்பில் வழக்கு. மதுரையில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் தாண்டி, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. நடுவே 1899இல் சிவகாசிக் கலவரம். உள்ளே விடாத கோயிலுக்காக லண்டன் வரை வழக்காட ஒரு சமூகத்தால் முடிந்தது என்றால், கூட்டாகப் பணம் சேர்க்கவும் சேர்த்ததைக் காப்பாற்றவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று அர்த்தம். 1921இல் தூத்துக்குடியில் நாடார் பேங்க் தொடங்கியதும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்; 1962இல் அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் ஆனது. இதை ஒரு சாதியின் பெருமையாக மட்டும் நான் சொல்லவில்லை. உறவின்முறைக்கு வெளியே நின்றவர்களுக்கு, குறிப்பாக அதே ஊரின் தலித் குடியிருப்புகளுக்கு, அந்தப் பொதுநிதியில் எவ்வளவு பங்கு என்பதும் கணக்கு நோட்டிடம் கேட்க வேண்டிய கேள்வியே.

சரி, இதையெல்லாம் யார் ஆராய்ச்சி பண்ணினார்கள்? ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர். அவருடைய நாடார்கள் பற்றிய புத்தகம் 1969இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அவர் அரசியல் அறிவியல்காரர். பிறகு டென்னிஸ் டெம்பிள்மன், வடக்கு நாடார்கள் பற்றி, அவர் மானிடவியல். அப்படியே கிழக்கே செட்டிநாட்டுக்குப் போனால், நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டித் தொழிலையும் உண்டியலையும் ஆராய்ந்து டேவிட் ரட்னர் எழுதிய புத்தகம் 1994இல் வந்தது. அவரும் மானிடவியல்தான். மூன்றுமே நல்ல வேலை. ஆனால் கவனிச்சீங்களா, மூன்று பேரில் ஒருவர்கூட கணக்கியல் துறைக்காரர் இல்லை. நம்ம ஊர் வணிகவியல் துறைகள் அந்த நேரத்தில் என்ன பண்ணிக்கொண்டிருந்தன?

அதைப் புரிந்துகொள்ள இந்தத் துறையின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்கணும். சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளை 1886இல் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கியது. மும்பையில் சிடன்ஹாம் கல்லூரி 1913இல். இரண்டும் குமாஸ்தாக்களையும் மேனேஜர்களையும் தயார் பண்ணுவதற்காக. பம்பாய் அரசு 1918இல் கணக்கியல் டிப்ளமோ கொண்டுவந்தது. கம்பெனிகளுக்கு ஆடிட்டர் வேணும் என்பதற்காக. அந்த டிப்ளமோவை 1930களில் முடித்து, நாட்டின் முதல் பெண் ஆடிட்டர் என்று பெயர் எடுத்தவர் சென்னையைச் சேர்ந்த ஆர்.சிவபோகம். 1949இல் பட்டயக் கணக்காளர் சட்டம் வந்தது. அந்த வருஷம் ஜூலை 1 அன்று இன்ஸ்டிடியூட் பிறந்தது. ஆக நம் நாட்டில் கணக்கு என்றால் முதலில் தொழில், அப்புறம் பட்டம், கடைசியில்தான் ஆராய்ச்சி.

அமெரிக்காவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கணக்கியல் என்ற பெயரிலேயே முதல் பிஎச்.டி கொடுத்தது இல்லினாய் பல்கலைக்கழகம், 1939இல்தான். 1959இல் ஃபோர்டு ஃபவுண்டேஷன் ஆதரவில் வந்த ஒரு அறிக்கை, அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களில் அறிவியல் பத்தாது என்று திட்டியது. அதன் பிறகு புள்ளியியலும் பொருளாதாரமும் உள்ளே புகுந்தன. 1968இல் ரே பால், ஃபிலிப் பிரவுன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கம்பெனி லாபக் கணக்கை அறிவிக்கும்போது பங்கு விலை என்ன ஆகிறது என்று அளந்தார்கள். அறிவிப்புக்கு முன்னாலேயே அந்தச் செய்தியில் பெரும்பங்கு விலையில் ஏறிவிடுகிறது என்று தெரிந்தது. அதை முதலில் ஒரு முக்கியமான பத்திரிகை, "இது கணக்கியலே இல்லை" என்கிற மாதிரி திருப்பி அனுப்பிவிட்டது. வேறு பத்திரிகையில் வந்து, பிறகு அதுதான் துறையின் பாதையையே மாற்றியது.

அந்தப் புதிய அலையில் போய்ச் சேர்ந்த தமிழர் ஒருவர் பாலா வி.பாலச்சந்திரன். புதுக்கோட்டைக்காரர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவர். 1973இல் கார்னகி மெலனில் டாக்டர் பட்டம் வாங்கி, கெல்லாக் பிசினஸ் ஸ்கூலில் கணக்கியல் பேராசிரியராகப் பல பத்தாண்டுகள் இருந்தார். 2004இல் சென்னையில் கிரேட் லேக்ஸ் தொடங்கியவரும் அவர்தான். வறண்ட மாவட்டத்திலிருந்து கிளம்பி கணக்கு ஆராய்ச்சியின் உச்சிக்குப் போக முடியும் என்பதற்கு அவர் ஒரு உதாரணம். ஆனால் அவர் போன வழி கணிதம், பேரேடு இல்லை.

இங்கே மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் வந்தது; இப்போதைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல். எம்.ரெட்டியபட்டி பக்கத்துப் பிள்ளைக்கு அருப்புக்கோட்டையிலோ விருதுநகரிலோ பி.காம், அப்புறம் மதுரை என்ற பாதை திறந்தது இப்படித்தான். இது சின்ன விஷயமே இல்லை. மண்டிச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்த தாத்தாவின் பேத்தி, வணிகவியலில் ஆய்வாளர் ஆகிறாள்.

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம். இன்ஃப்ளிப்நெட் நடத்துகிற சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வணிகவியலுக்குள் போய்ப் பாருங்க. வாடிக்கையாளர் திருப்தி, முதலீட்டாளர் மனப்பான்மை, ஏதோ ஒரு மாவட்டத்தில் ஏதோ ஒரு பொருளின் சந்தை. கேள்வித்தாள், ஐந்து புள்ளி அளவுகோல், சாஃப்ட்வேரில் அட்டவணை, பரிந்துரைகள். தலைப்பில் ஊர் பெயரை மாற்றினால் அடுத்த ஆய்வேடு ரெடி. எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன். நல்ல ஆய்வேடுகளும் உண்டு. ஆனால் கணக்கு நோட்டையே மூலமாக வைத்துக்கொண்டு, அது எப்படி எழுதப்பட்டது, யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கிறவை அபூர்வம். பங்குச் சந்தை டேட்டா வாங்கப் பணம் இல்லை. பக்கத்து வீட்டுப் பரணில் இருக்கிற நோட்டை எடுக்க யோசனை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டது கேள்வித்தாள்.

பரண் நோட்டு அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். 1986இல் நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறேன். இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸில் அச்சிட்டு உலகுக்குச் சொன்னவர் லூகா பசியோலி என்று நாம படிக்கிறோம். டெல்லியைச் சேர்ந்த லால் நிகம், அபாகஸ் என்ற கணக்கியல் ஆய்விதழில், இந்தியாவின் பஹி-காதா முறை பசியோலிக்கு முந்தைய இரட்டைப் பதிவு முறை என்று எழுதினார். அடுத்த வருஷமே கிறிஸ்டோபர் நோப்ஸ் பதில் எழுதினார். சாரம் இதுதான்: ஆதாரம் எங்கே? ஜெனோவா நகரத்தின் 1340ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகங்கள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் காலத்து இந்திய வணிக நோட்டைக் காட்டுங்கள், பார்க்கலாம்! காட்ட முடியவில்லை. உரிமை கோரல் பொய் என்று நிரூபணம் ஆகவில்லை; ஆனால் நோட்டு இல்லாமல் வாதம் அங்கேயே படுத்துவிட்டது. நோப்ஸ் கேட்டது சரியான கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் பெருமையை வாட்ஸ்அப்பில் நிரூபித்துவிடலாம், ஆய்விதழில் நோட்டு வேணும்.

நம்மிடம் ஆதாரமே இல்லையா என்றால், கல்லில் இருக்கு. உத்திரமேரூர் கல்வெட்டு என்றால் குடவோலைத் தேர்தல் ஞாபகம் வரும். முதலாம் பராந்தகன் காலம், 919, 921. யார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம், யார் பெயரைப் போடக்கூடாது என்று அதில் பெரிய பட்டியல் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைப் போடக்கூடாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய நெருங்கின உறவினர் பெயர்களையும் போடக்கூடாது! பள்ளிப் புத்தகத்தில் தேர்தலைச் சொல்கிற அளவுக்கு இதைச் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கல்வெட்டின் உயிரே இந்த வரிதான் என்று படும்.

கல் நின்றது, ஓலையும் காகிதமும் நிற்காது. பழைய தமிழ்க் கணக்கைப் படிக்க இன்னொரு தடையும் இருக்கு: எண்கள். கால், அரை, முக்காலோடு முடியாது. வீசம் என்றால் பதினாறில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை எண்சுவடியில் மனப்பாடம் பண்ணினார்கள். அந்த உலகத்தை ஆராய்ந்து செந்தில் பாபு எழுதிய கணிதமும் சமூகமும் பற்றிய ஆங்கிலப் புத்தகம் 2022இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. கர்ணமும் திண்ணை வாத்தியாரும் எப்படி எண்ணினார்கள், அந்த எண் யார் மேல் சுமையாக இறங்கியது என்று அதில் இருக்கு. கணக்கு ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய புத்தகங்களில் அது ஒன்று. எழுதியவர் வணிகவியல் துறை இல்லை என்பதை மறுபடி சொல்லி உங்களை நோகடிக்க விரும்பவில்லை.

சொற்களும் கையை விட்டுப் போகின்றன. நகரத்தார் கடைக் கணக்கில் புழங்கிய ஐந்தொகை என்ற சொல், தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இருப்புநிலைக் குறிப்பு ஆகிவிட்டது. இலங்கையில் தமிழில் கணக்கியல் படிப்பவர்களிடம் ஐந்தொகை என்ற சொல் புழங்கியது. ஒரு செட்டிநாட்டுப் பேரேட்டை முதன்முதலாகத் திறந்தால், சென்னைப் பையனைவிட யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு ஒரு சொல்லாவது கூடுதலாகப் புரியும்.

இப்போ நடைமுறைக்கு வருவோம். யுஜிசியின் 2022 விதிமுறைப்படி பிஎச்.டிக்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. பெண்களுக்குக் கூடுதலாக 2 வருஷம் கிடைக்கும். எம்.ஃபில் இனி இல்லை. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகவும் செய்யலாம். நெட் எழுதி ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் 2 வருஷத்துக்கு மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர்கள்தான் பெரும்பான்மை, அவர்களுக்கு இது வீட்டுச் சாப்பாட்டில், தங்கச்சியின் சம்பளத்தில் ஓடுகிற வருஷங்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவெடுக்கணும். பல்கலைக்கழகங்களின் நிலைமையும் தெரிஞ்சிருக்கட்டும்: 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமான வரித்துறை முடக்கியது. மதுரையில் சம்பளமும் ஓய்வூதியமும் தாமதமாவது அடிக்கடி செய்தி. கணக்கில் டாக்டர் பட்டம் கொடுக்கிற இடங்களின் கணக்கே ஆய்வுக்கு ஏற்ற தலைப்பு. கைடு ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கதை.

தலைப்புக்குப் பஞ்சம் இல்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கின. முப்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகப் பெண்கள் தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு, கடன் பேரேடு எழுதுகிறார்கள். குழுவின் ஊக்குநர் எட்டாம் வகுப்பு படித்திருப்பார். அவர் எழுதின கணக்கைப் பார்த்துதான் பேங்க் லட்சக்கணக்கில் கடன் கொடுத்தது. கரிசல் காட்டில் நோட்டு முதன்முறையாகப் பெண்கள் கைக்கு வந்தது எப்போது, அதனால் வீட்டில் என்ன மாறியது? நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கையில் கிராம சபை முன்னால் கணக்கு வாசிக்கும்போது யார் கேள்வி கேட்கிறார்கள், யார் வாய் திறப்பதில்லை? மண்டி சீட்டு ஜிபே ஸ்கிரீன்ஷாட் ஆனபோது கழிவுப் பத்திகள் குறைந்தனவா, இல்லை கண்ணுக்குத் தெரியாமல் போயினவா?

பழைய நோட்டு தேடிப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். எடுத்ததும் தரமாட்டார்கள். அதில் கடன் வாங்கினவர்கள் பெயர் இருக்கும். அவர்களுடைய பேரன் பேத்திகள் அதே தெருவில் இருப்பார்கள். வருமான வரிப் பயமும் இருக்கும். பெயர்களை மறைப்பேன், போட்டோ எடுத்துட்டு அன்னைக்கே திருப்பித் தருவேன் என்று சொல்லி, நாலு தடவை போய் டீ குடிச்ச பிறகுதான் பரண் ஏற ஏணி கிடைக்கும். அதற்குள் வீடு பாகம் பிரிந்து, நோட்டு எடைக்குப் போயிருக்கவும் கூடும். அதனால் உங்க தாத்தா கடை வைத்திருந்தார் என்றால், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது போகி நெருப்புக்கு முன்னால் ஒரு தடவை பரணைப் பாருங்க. என்ன கிடைத்தாலும் போட்டோ எடுத்து வையுங்க. படிக்கத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, வீசம் எது முந்திரி எது என்று சொல்லித்தர ஆள் இன்னும் இருக்கிறார்கள்.